மைக்கே மவுஸானால்: பி5.சவுண்ட் எவ்வளவு தூரம் கேட்கிறது?

பிரவுசரிலேயே படம் வரையவும் அதை அசைக்கவும் உதவும் இலவச ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் பி5.ஜேஎஸ். கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் எம்ஐடி மீடியா லேபில் தொடங்கிய பிராசஸிங்கின் வழிவந்த இதை 2013இல் ஆரம்பித்தவர் லாரன் மெக்கார்த்தி. இதில் எழுதும் நிரலுக்கு ஸ்கெட்ச் என்றே பெயர். அந்த ஸ்கெட்சுக்குக் காது கொடுப்பது பி5.சவுண்ட் என்ற துணை நூலகம். 1.x பதிப்புகளோடு வருவதே இங்கே பேசப்படுகிறது.

மைக்கைத் திறப்பதே முதல் சிக்கல். பக்கம் ஹெச்டிடிபிஎஸ் முகவரியிலோ லோக்கல்ஹோஸ்டிலோ இருக்க வேண்டும்; பயனர் அனுமதி தர வேண்டும். அதன் பிறகும், யாராவது ஒருமுறை கிளிக் செய்யாதவரை குரோம் ஆடியோவை ஓடவிடாது. கிளிக்கோடு யூசர்ஸ்டார்ட்ஆடியோ என்ற கட்டளையை இணைக்க மறந்தால், குரலுக்கேற்பப் பெருக வேண்டிய வட்டம் அசையாமல் அப்படியே கிடக்கும். மைக் பழுது என்று புதியவர்கள் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

ஒலியின் உரப்பைத் தருவது கெட்லெவல். 0 முதல் 1 வரை எண் வரும் என்றாலும், சாதாரணப் பேச்சு அதன் அடிப்பகுதியைத் தாண்டுவது அரிது. அந்த எண்ணை அப்படியே வட்டத்தின் விட்டத்துக்குக் கொடுத்தால் பெருக்கம் கண்ணுக்கே தெரியாது. 0 முதல் 0.3 வரையிலான வீச்சை முழுத் திரைக்கு விரித்தால் உயிர் வருகிறது. மின்விசிறி ஓடும் அறையில் மௌனமும் 0 ஆவதில்லை. தொடக்கத்தில் அறையின் இரைச்சலைச் சில விநாடி அளந்து, அதையே தரைமட்டமாக வைத்துக்கொள்வது நல்லது. எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு ஆகியவை பிரவுசரில் இயங்கிக்கொண்டிருந்தால் அளவீடு தடுமாறும். அவை அழைப்பில் பேசுவதற்காகச் செய்யப்பட்டவை. ஒரே சீராக இழுக்கும் ரீங்காரத்தை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடக்கூடும்.

சுவாரசியம் கூடுவது எஃப்எஃப்டியில். ஒலியை 1,024 அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்புத் தருகிறது. இவற்றைக் கோடுகளாக வரைந்து, 'ஊ' என்று இழுத்தால் இடப்பக்கக் கோடுகள் எழும். 'ஸ்ஸ்' என்றால் அவை படுத்து, வலப்பக்கம் நுரைக்கும். பேஸ், ட்ரெபிள் என்ற பெயர்களாலேயே ஆற்றலைக் கேட்டு வாங்கலாம்: முதலாவது 20 முதல் 140 ஹெர்ட்ஸ், இரண்டாவது 5,200 முதல் 14,000. ஊதினால் ஒன்று, சீறினால் இன்னொன்று என்ற விளையாட்டுகளுக்கு இது தாராளம்.

சுருதி பிடிக்க மட்டும் இதை நம்பக் கூடாது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் ஒரு பட்டையின் அகலம் சுமார் 21.5 ஹெர்ட்ஸ். ஆண் குரலில் 130.8 ஹெர்ட்ஸில் நிற்கும் ஸ்வரத்துக்கும் அடுத்த அரை ஸ்வரத்துக்கும் உள்ள இடைவெளியோ 8 ஹெர்ட்ஸ்கூட இல்லை. பாடுவதற்கேற்ப நிறம் மாறும் ஸ்கெட்சுகள் கீழ்ஸ்தாயியில் குழம்புவதற்குக் காரணம் இதுவே.

கைத்தட்டலுக்கு உரப்பே போதும். ஆனால் ஒரு தட்டல் பல ஃபிரேம்களுக்கு நீளும் என்பதால், வரம்பு மட்டும் வைத்தால் ஒன்றே ஐந்தாறாக எண்ணப்படும். பீக்டிடெக்ட் என்ற கருவி இதைத் தவிர்க்க, ஓர் உச்சத்துக்குப் பின் 20 ஃபிரேம்கள் காத்திருக்கிறது. விநாடிக்கு 60 ஃபிரேம்களில் அது மூன்றில் ஒரு விநாடி. துரித காலத் தட்டல்கள் நழுவிப்போகும். எண்ணைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. மதிப்புகளின் திடீர் ஏற்ற இறக்கத்தை மழுப்பும் எஃப்எஃப்டியின் ஸ்மூதிங் 0.8 என்ற இயல்பு மதிப்பில் வருகிறது. அலைபோல் மெல்ல அசையும் படத்துக்கு அது அழகு. தட்டலுக்கு மந்தம், அங்கே குறைத்தே ஆக வேண்டும்.

மைக் ஒலி தானாக ஸ்பீக்கருக்குப் போகாதபடி அமைத்திருப்பது புத்திசாலித்தனம். வகுப்பறையில் ஊளைச்சத்தம் மிச்சம். அடுத்த தலைமுறை பி5.சவுண்ட், டோன்.ஜேஎஸ் என்ற ஒலி நூலகத்தின் மேல் புதிதாக எழுதப்பட்டது. ஆகவே பழைய ஸ்கெட்சுகளை அதற்கு மாற்றுமுன் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.