கரண்டுக்கும் சுருதி உண்டு

இசை விமர்சனங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். 'மத்தியமாவதி உருக்கியது', 'நிரவலில் நிதானம் போதாது', 'மிருதங்கக்காரர் அடக்கி வாசித்தார்' என்றெல்லாம் எழுதுவார்கள். டிசம்பர் வந்துவிட்டால் சபா கேன்டீன் அடையைப் பற்றிக்கூட அரைப் பக்கம் வரும். ஆனால், 'நேற்றுக் கச்சேரியில் எர்த் சரியில்லை' என்று எழுதிய விமர்சனம் ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம்.

காட்ட முடியாது. அது எலெக்ட்ரீஷியன் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டோம். இல்லீங்க, அது இசை சமாசாரம் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

அடுத்த முறை திருவிழா மேடைக்கு முன்னால் உட்காரும்போது, முதல் பாட்டுக்கு முந்தைய ஒரு நிமிடத்தைக் கவனியுங்கள். 'ஹலோ... மைக் டெஸ்டிங்' முடிந்து, கீபோர்டுக்காரர் பின்னைச் சொருகியதும், 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்து ஸ்பீக்கரில் குடியேறும். யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். முதல் பாட்டிலிருந்து மங்களம் வரை கூடவே இருக்கும். அன்றைக்கு மூச்சு விடாமல் பாடிய ஒரே பாடகர் அதுதான்!

அந்த ரீங்காரத்துக்கு ஒரு சுருதி உண்டு. நம் வீட்டுக்கு வரும் கரண்ட் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. எர்த் கோளாறில் வரும் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான அடாப்டர், ஏசியை டிசியாக மாற்றும்போது அரைகுறையாக வடிகட்டினால், அதன் இரு மடங்கு, 100 ஹெர்ட்ஸ். இனி கணக்குப் பாருங்கள். பாடகிகள் பெரும்பாலும் ஐந்து கட்டையிலோ ஐந்தரைக் கட்டையிலோ பாடுவார்கள். ஐந்து கட்டை சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே 98 ஹெர்ட்ஸ். ஐந்தரைக்கு ஏறக்குறைய 104. நம்ம ஆள் 100-இல் நிற்கிறார். அதாவது ஐந்துக்கும் இல்லாமல் ஐந்தரைக்கும் இல்லாமல், நடுவில், திரிசங்கு சொர்க்கத்தில்!

வயலின்காரர் விரல் நூலளவு விலகினால் முகம் சுளிக்கிற ரசிகர், மூன்று மணி நேரம் இந்த அபசுரத்தோடு உட்கார்ந்துவிட்டு, 'சுருதி சுத்தமான கச்சேரி' என்று எழுந்து போகிறார். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தென்னிந்திய மின்தொகுப்பில் 2003 ஜனவரியில் புதிய கட்டண முறை வந்து ஒழுங்கு பிறக்கும் வரை, இந்த 50 என்பது பேச்சுக்குத்தான் 50. தேவை கூடுகிற நேரங்களில் 48 பக்கம் இறங்கிவிடும். வழியில் சரியாக 49-ஐத் தொடும் கணத்தில் மட்டும் ரீங்காரம் அட்சரசுத்தமாக ஐந்து கட்டையில் நின்றிருக்கும். மின்வாரியம் அறியாமல் செய்த சங்கீத சேவை!

சிரிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. மின்சாரத்தையே சுருதியாகக் கொண்ட வாத்தியம் ஒன்று நிஜமாகவே இருந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் ஹாமண்ட் அடிப்படையில் கடிகாரம் செய்தவர். கரண்டின் துடிப்போடு ஒட்டி ஓடும் கடிகார மோட்டாரை வைத்து, 1935-இல் ஹாமண்ட் ஆர்கனைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். அங்கே ஓடுவதற்காகச் செய்த ஆர்கனை அப்படியே இங்கே கொண்டுவந்து சொருகினால், எல்லா சுரமும் மூன்று ஸ்தானம் கீழே இறங்கிவிடும். வாசிப்பவர் மேல் குற்றமே இல்லை. குற்றம் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில்!

இன்றைய கீபோர்டுகள் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் சில்லு சுருதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால், அந்தச் சில்லுக்குச் சோறு போடுவது அடாப்டர். அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம்.

நம்ம ஊர் நாதஸ்வர வித்வானைக் கவனித்திருக்கிறீர்களா? வாத்தியத்தின் கழுத்தில் நூலில் கட்டி நாலைந்து சீவாளி தொங்கும். நாணலில் செய்த சின்னஞ்சிறு சமாசாரம். ஆனால், அவருடைய மூச்சு வாத்தியத்துக்குள் நுழையும் வாசலே அதுதான். நனைப்பார், வாயில் வைத்துப் பார்ப்பார், சரியில்லை என்றால் மாற்றுவார். 'எந்தச் சீவாளியா இருந்தா என்ன, சத்தம் வந்தாப் போதும்' என்று எந்த வித்வானாவது சொல்லிக் கேட்டதுண்டா?

கீபோர்டுக்கு அடாப்டர்தான் சீவாளி. ஆனால், ஐந்து இலக்க விலையில் வாங்கிய கீபோர்டுக்கு, பழையது ரிப்பேர் ஆனதும், மூன்று இலக்க விலையில் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு கறுப்புக் கட்டியை வாங்கி மாட்டுகிறார்கள். கேட்டால், 'பின் சேருது சார்' என்பார்கள். பின் சேருவது ஜாதகத்தில் ஒரே ஒரு பொருத்தம் சேருகிற மாதிரி. மீதியையும் பார்க்க வேண்டாமா?

நான் படித்தது பி.காம். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் புரிவது கணக்குப் பாஷையில்தான். அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் புரியும்.

வோல்ட் என்பது விலை. கறார் விலை. 12 வோல்ட் என்று போட்டிருந்தால் 12-தான். 9-ஐக் கொடுத்தால் கீபோர்டு திணறும், பாட்டு நடுவில் தானாக அணைந்து விழிக்கும். 18-ஐக் கொடுத்தால் உள்ளே ஏதாவது கருகும்.

ஆம்பியர் என்பது கடைக்காரர் கையில் இருக்கும் சரக்கு. கீபோர்டு 700 மில்லி ஆம்பியர் கேட்டால், அடாப்டரில் 1500 இருப்பதால் நஷ்டம் இல்லை. தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால், 300 மட்டுமே இருக்கிற கடையில் போய் 700 கேட்டால்? அடாப்டர் சூடாகும், வோல்டேஜ் சரியும், நான் மேலே சொன்ன அந்த 'ம்ம்ம்' உரக்கக் கேட்கும்.

போலாரிட்டி என்பது பற்று வரவு. பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் என்ன ஆகும்? பழைய கேசியோ கீபோர்டுகள் பலவற்றுக்கு 9 வோல்ட், பின்னின் நடுவில் நெகட்டிவ். யமஹா பி.எஸ்.ஆர். வகைகளில் பரவலாகப் புழங்குவது 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். இரண்டு பின்னும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாற்றிச் சொருகினால் விலையும் தப்பு, பற்று வரவும் தப்பு. சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரை வட்டமும் ஒரு ப்ளஸ்ஸும் ஒரு மைனஸும் வரைந்திருக்கிறார்களே, அது டிசைன் இல்லை. எது நடு, எது வெளி என்று சொல்லும் படம். அடாப்டரிலும் அதே படம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து விநாடி போதும். சில எஃபெக்ட் பெட்டிகளுக்கு டிசியே கூடாது, ஏசி அடாப்டர்தான் வேண்டும். அதையும் பெட்டியின் மேலேயே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பட்டணத்து ஸ்டூடியோவில் சொன்னால் சிரிப்பார்கள். 'தெரியாதா எங்களுக்கு?' ஆனால், நான் சொல்வது எங்கள் வடமதுரைப் பக்கத்தைப் பற்றி. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் இறங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் நூற்பாலைகள், இன்னொரு பக்கம் கிணற்று மோட்டார்கள். சட்டப்படி வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்டில் ஆறு சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது 216-லிருந்து 244 வரை. திருவிழா மேடை அந்தச் சட்டம் படித்ததில்லை. ஆடியில் சௌந்தரராஜப் பெருமாளுக்குத் தேர். அம்மன் கோயில்களுக்கோ சொல்லவே வேண்டாம். வீதி முழுக்க சீரியல் லைட், கட்அவுட் லைட், ராட்டினம், ஐஸ் கம்பெனி, எல்லாம் ஒரே தற்காலிக இணைப்பில். அதன் கடைக்கோடியில், பாவம், ஒரு கீபோர்டு.

லைட்டுகள் ஓடி ஓடி அணைகிற தாளத்துக்கு ஸ்பீக்கரில் 'டக் டக்' என்று ஒலி வரும். ஜெனரேட்டருக்கு மாற்றும் நொடியில் வோல்டேஜ் துள்ளும். எங்காவது நியூட்ரல் கட் ஆகிவிட்டால் போச்சு. 230 வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிப் பாயும். 2012-இல் மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது ஊர் ஊராக ஜெனரேட்டரை நம்பித்தான் கச்சேரி நடந்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு அதன் வோல்டேஜைப் பார்க்காமலே இணைப்பைக் கொடுக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

'போனா ஒரு கீபோர்டுதானே' என்கிறீர்களா? இருபது வயலின், ரெண்டு புல்லாங்குழல், வீணை, ஷெனாய் எல்லாம் இன்றைக்கு அந்த ஒரே பலகைக்குள் இருக்கின்றன. மின்சாரம் நம் இசைக்குள் வந்து எழுபது வருஷம் ஆகிறது. 1954-இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் நாடே மகுடி என்று நம்பித் தலையாட்டிய ஒலி, கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் என்கிற எலெக்ட்ரானிக் வாத்தியம். 1970-களின் கடைசியில் பெங்களூரில் ஜி. ராஜ்நாராயண் என்கிற புல்லாங்குழல் கலைஞர், இன்ஜினீயரும்கூட, எலெக்ட்ரானிக் தம்புராவைச் செய்ய ஆரம்பித்தார். இன்று தம்புரா தூக்க ஆள் இல்லாத எல்லாக் கச்சேரிக்கும் பெட்டிதான் தாய். ஒரு மேடையின் ஆதார சட்ஜமே சுவரிலிருந்து வருகிறது என்றால், அந்தச் சுவரைப் பற்றிப் பேசாமல் இசையைப் பற்றி மட்டும் எப்படிப் பேசுவது?

வாத்தியம் போனால் ஒரு குடும்பத்தின் சீசன் வருமானம் போகும். அதைவிடப் பெரியதும் போகும்.

மேடைப் பாடகிகள் சிலர் மைக்கைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டைல் என்று நினைத்தீர்களா? உதட்டில் ஷாக் அடிக்கிறது சார்! 1972 மே மாதம், பிரிட்டனில் ஸ்வான்சீ நகர மேடையில், 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, கூட்டத்தின் கண் முன்னால் இறந்துபோனார். வயது 27. நான்கு வருடம் கழித்து, 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் வீட்டில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கும்போது ஷாக் அடித்து இறந்தார். அங்கேயும் எர்த் கோளாறு. பணக்கார நாடு, பேர்பெற்ற கலைஞர்கள். கரண்டுக்கு அதெல்லாம் தெரியாது.

நம் மேடைகளில் நடப்பது இதைவிட மோசம். ரீங்காரம் அதிகமானால் மைக் செட்காரர் முதலில் செய்யும் வைத்தியம், மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னைக் கழற்றிவிடுவது. ரீங்காரம் நிற்கும், வாஸ்தவம். சத்தம் போடுகிறது என்று காவல் நாயைக் கொன்ற கதை. அந்தப் பெரிய பின்தான் எர்த். பெட்டிக்குள் கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் வழி. அதை எடுத்துவிட்டால் கரண்ட் வேறு வழி தேடும். அந்த வழி மைக் பிடித்திருக்கும் பெண்ணின் உடம்பு.

ரீங்காரத்துக்குச் சரியான மருந்து இருக்கிறது. கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் 'டிஐ பாக்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி. அதிலுள்ள டிரான்ஸ்பார்மர், பாட்டை மட்டும் விட்டுவிட்டு ரீங்காரத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். அதில் எர்த்தைத் துண்டிக்க ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது ஆடியோ ஒயரின் எர்த்தைத்தான் துண்டிக்கும், கரண்ட் ஒயரின் எர்த்தை அல்ல. இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் உயிர்.

அப்புறம், வாத்தியங்கள், ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து ஒரு தனி லைன். லைட்டுக்கு வேறு லைன். மேடை பக்கத்தில் ஈர மண்ணில் அடித்த ஓர் எர்த் ராடு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே டப்பென்று அணைக்கிற ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச். வாத்தியத்தைச் சொருகுமுன் மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்க்க ஓர் ஆள். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது கீபோர்டை அணைத்துவிட்டு மாற்றுகிற பொறுமை. இதற்கெல்லாம் ஆகும் செலவு, கடைசி நாள் வாணவேடிக்கையில் ஐந்து நிமிடம் குறைவாக வெடித்தால் வந்துவிடும்.

கச்சேரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடாப்டரை வாத்தியத்தோடு பிறந்ததாக நினையுங்கள். மேலே பேர் எழுதி ஒட்டுங்கள், உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும். சீவாளியை யாரும் இரவல் வாங்குவதில்லை.

விமர்சகர்களுக்கும் ஒன்று. ராகத்தை எழுதுங்கள், தாளத்தை எழுதுங்கள். ரீங்காரம் கேட்டால் அதையும் எழுதுங்கள். இரண்டு தடவை அச்சில் வந்தால் மூன்றாவது தடவை நிர்வாகிகள் ஒயரைக் குனிந்து பார்ப்பார்கள்.

கடைசியாக, உங்களுக்கு. திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் வரவு செலவுக் கணக்கை எழுதி வைப்பார்கள். பி.காம். படித்த தோஷம், நான் நின்று படிப்பேன். பந்தல், மேளம், சீரியல் லைட், வாணவேடிக்கை, பாட்டுக் கச்சேரி, இதர செலவு என்று போகும். 'எர்த்' என்று ஒரு வரியை இதுவரை நான் பார்த்ததில்லை. வரி கொடுக்கும் தலைக்கட்டு நீங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: "அண்ணே, கச்சேரிக்கு யாரைக் கூப்பிட்டிருக்கீங்கங்கறது இருக்கட்டும். எர்த் யாரு போடறா?"