நேசரின் தறியும் மாறனாரின் அடுக்களையும்

"குடும்பப் பாரம் சுமப்போர்க்கு இறைவழிபாட்டுக்கு நேரம் ஏது?" இவ்வினா ஆசிரியர் அறையிலும் எழுகிறது, தோட்டத்து லயத்திலும் எழுகிறது. கடமைகள் முடிந்தபின் எஞ்சும் பொழுதே வழிபாட்டுக்குரியது என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. பெரிய புராணம் இவ்வெண்ணத்தை ஏற்கின்றதா என ஆராய்தல் நலம்.

12ஆம் நூற்றாண்டில் சோழநாட்டு அமைச்சராய் விளங்கியவர் எனப் போற்றப்படும் சேக்கிழார் பாடிய அடியாருட் பலர் இல்லறத்தார். குயவர் திருநீலகண்டர், வண்ணார் திருக்குறிப்புத் தொண்டர், பரதவர் அதிபத்தர் ஆகியோர் தொண்டுக்காகத் தொழிலைத் துறந்தவரல்லர். தொழில்வழியே தொண்டு செய்தவர்.

இவருள் நேச நாயனார் வரலாறு மிகச் சுருக்கமானது. ஆயினும் நம் வினாவுக்கு நேர்விடை அதுவே. மனம் இறைவன் திருவடியில், நா ஐந்தெழுத்தில், கை தறியில். இதனைக் கொண்டு, "தொழிலே வழிபாடு, வேறொன்றும் வேண்டா" என்பார் உளர். அஃது அரைப்பொருளே. அவர் நெய்த உடையும் கீளும் கோவணமும் அடியார்க்குச் சென்றன. மனமும் நாவும் பழகாது கைமட்டும் ஓடின் அது வெறும் உழைப்பேயாம்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. இளையான்குடி மாறனார் வரலாற்றை வகுப்பில் கற்பிக்கும்போது கணவரின் தியாகத்தையே வியக்கிறோம். மழையிரவில் வந்த அடியார்க்கு உணவளிக்க வழியின்றி அவர் திகைத்தபோது, பகலில் விதைத்த நெல்முளையை வாரி வரலாம் என்று வழி சொன்னவர் மனைவியார். அந்நெல்லை வறுத்துக் குற்றி அடிசிலாக்கியவரும், குழிக்கீரையைப் பல கறியாகச் சமைத்தவரும் அவரே. தொண்டு ஒருவருடையதன்று, இருவருடையது. சேக்கிழார் இதனை மறைக்கவில்லை; நாமே காணத் தவறினோம்.

இங்கு என் பிழையைக் கூறாமல் இருத்தல் முறையன்று. விடியலில் ஒருமணி நேரம் தேவாரம் ஓதுபவன் என்ற பெருமை எனக்குப் பல்லாண்டு இருந்தது. அந்த ஒருமணியில் என் மனைவி தனியே அடுப்பை மூட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பினார். நான் தேடிக்கொண்ட நேரம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட நேரம். இன்று பாதிநேரம் ஓதுகிறேன். மீதிநேரம் காய் நறுக்குகிறேன். இப்போது அவரும் உடனமர்ந்து ஓதுகிறார்.

ஆசிரிய நண்பர்களே, மாறனார் வரலாற்றை இனிக் கற்பிக்கும்போது, "அடுக்களையில் நின்றவர் யார்?" என்றும் மாணவரைக் கேளுங்கள். வீட்டில் அவ்வினாவை நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.