தயக்கங்களை எண்ணுகிறவர்கள்

மேடையில் பேசப் பழக்கும் மன்றங்களில் ‘ஆ கவுண்டர்’ என்றொரு பொறுப்பு உண்டு. முதல்முறை கேட்டபோது ஏதோ கொங்கு நாட்டுப் பெரியவரைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பேசுகிறவர் வாயிலிருந்து ‘ஆ’, ‘ம்’, ‘ஸோ’, ‘யூ நோ’ எத்தனை முறை வருகிறது என்று தாளில் கோடு போட்டு எண்ணி, கூட்டம் முடிவதற்குள் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டிய ஆள் அவர். தமிழில் பேசும் நாட்களில் ‘வந்து’, ‘அதாவது’, ‘பாத்தீங்கன்னா’ என்பவையும் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். தூத்துக்குடியில் நான் ஒன்றரை ஆண்டு போய்வந்த மன்றத்தில் அந்தப் பொறுப்பு அடிக்கடி எனக்கே வந்தது. டீச்சர் என்றால் எண்ணுவதில் பிசகமாட்டாள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

மன்றத்தின் பெயர் இங்கே தேவையில்லை. டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையை ஒட்டி நடக்கிற எத்தனையோ மன்றங்களில் அதுவும் ஒன்று. ஞாயிறு மாலை, ஓர் ஓட்டலின் மாடி அறை, இருபது நாற்காலி, ஒரு பேச்சு மேசை. கப்பல் ஏஜென்சிகளிலும் க்ளியரிங் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிற இளையவர்கள்தான் பாதிப்பேர். சென்னையிலிருந்து மேலாளர் போனில் வந்தால் ஆங்கிலத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று வந்தவர்கள். இங்கே வேலை உயர்வு என்பது பெரும்பாலும் வாயால் கிடைப்பது. அதனால் அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நானும் அதற்காகத்தான் போனேன். ஆண்டு விழாவில் நன்றியுரை தவிர வேறு எதையும் பேச எனக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை.

இந்த முறை பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஆண்களுக்காகத் தொடங்கியது அது. பெண்களுக்கு அதிகாரபூர்வமாகக் கதவு திறந்தது 1973இல்தான். அரை நூற்றாண்டு! அதற்குள் 1938இலேயே எர்னஸ்டைன் வைட் என்பவர் பெண்களுக்குத் தனியாக டோஸ்ட்மிஸ்ட்ரஸ் மன்றங்களைக் கட்டியிருந்தார். சான் டியகோவில் ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண் 1970இல் ஒரு மன்றத்தில் சேர்ந்தபோது, தலைமையகத்துக்குப் போன படிவத்தில் அவர் பெயர் ‘ஹோமர்’ என்று எழுதப்பட்டது. ஆணின் பெயரில் உறுப்பினரான அதே பெண் 1985இல் அந்த அமைப்பின் முதல் பெண் சர்வதேசத் தலைவரானார். இந்தக் கதையை ஒருநாள் எங்கள் மன்றத்தில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். ‘எவ்வளவு முன்னேறிவிட்டோம்’ என்பதற்கான கைதட்டல் அது. ஆண்களுக்காக, ஆண்களைக் கேட்டு அமைக்கப்பட்ட அளவுகோல்கள் 1973க்குப் பிறகும் அப்படியேதானே இருக்கின்றன என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அளவுகோல்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும், அதை மறைக்கக் கூடாது. நேரம் பார்க்கிறவர் கையில் மூன்று அட்டைகள் இருக்கும். ஏழு நிமிடப் பேச்சு என்றால் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. சிவப்பு வந்தபின் யாராக இருந்தாலும் முடித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கூட்டங்களில் பெண்கள் பேசி அனுபவப்பட்டவர்களுக்கு இந்தச் சிவப்பு அட்டையின் அருமை தெரியும். முதலில் பேசுகிற மூன்று ஐயாக்கள் ஆளுக்கு நாற்பது நிமிடம் எடுப்பார்கள். பொன்னாடைக்குக் கால்மணி போகும். கடைசியில் பட்டியலில் ஒட்டவைக்கப்பட்ட பெண்ணிடம், ‘நேரத்தின் அருமை கருதி அம்மா ரத்தினச் சுருக்கமாக’ என்று துண்டுச்சீட்டு வரும். எங்கள் மன்றத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் பேச்சு, பாதி வாக்கியத்தில் சிவப்பு அட்டைக்கு முன்னால் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதை உயர்த்திப் பிடித்தவள் இருபத்திரண்டு வயதுப் பெண். அவர் உட்கார்ந்தார். இந்த ஊரில் வேறு எந்த மேடையிலும் நடக்காத காரியம் அது.

எனக்கு வழக்கு ‘ஆ’ எண்ணுவதோடுதான்.

ஒரு ஞாயிறு, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் முதல் பேச்சு. முதல் பேச்சுக்கு நான்கிலிருந்து ஆறு நிமிடம். தன்னைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் பிறந்த ஊர், படிப்பு, பிடித்த உணவு என்று முடித்துக்கொள்வார்கள். அவள் 2018 மே 22இலிருந்து தொடங்கினாள். அன்று அவள் கல்லூரி மாணவி. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன கூட்டத்தில் அம்மாவோடு அவளும் நடந்திருக்கிறாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பதின்வயதுப் பெண் ஒருத்தியும் உண்டு. இவள் ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்தாள். ‘வந்து… நாங்க வந்து… திரும்பி ஓடும்போது வந்து…’ என்றாள். பச்சை காட்டினார்கள், மஞ்சள் காட்டினார்கள். நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தைந்தாகக் கட்டுக் கட்டி, கடைசியில் பத்தொன்பது.

பத்தொன்பது என்றுதான் வாசித்தேன். மதிப்பீடு செய்தவர் பக்குவமானவர்; முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்ற வரிசையில் சொன்னார். கண்பார்வை நன்றாக இருந்தது, இடைநிரப்பிகளைக் குறைக்க வேண்டும், சர்ச்சைக்குரிய விஷயங்களைத் தவிர்த்தால் எல்லாத் தரப்பினரையும் கவரலாம். அவளுக்குக் கைதட்டல் கிடைத்தது. அடுத்த வாரம் வந்தாள், அதற்கடுத்த வாரம் வரவில்லை. பிறகு ஒருநாள் பழைய பேருந்து நிலையத்தில் பார்த்தபோது கேட்டேன். “ஒண்ணுமில்லக்கா. நீங்க எண்ணுன பிறகு நானும் எண்ண ஆரம்பிச்சிட்டேன். வீட்டுல பேசும்போதுகூட கோடு விழுற மாதிரியே இருக்கு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

‘வந்து’ என்பது என்ன? இலக்கண நூலில் அது வினையெச்சம். பேச்சில் அது கேட்கிறவரைப் பிடித்து நிறுத்துகிற கை: ‘இன்னும் முடிக்கவில்லை, போய்விடாதே’ என்று சொல்கிற சொல். வீட்டிலும் அலுவலகத்திலும் வாக்கியத்தை முடிக்கவிடாமல் இடைமறிக்கப்படுகிறவர்களுக்கு அது அதிகம் தேவைப்படும். சுடப்பட்ட இடத்திலிருந்து ஓடியதைச் சொல்கிறவளுக்கோ, அடுத்த சொல்லைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கிடைக்கும் ஒரே இடைவெளி அதுதான். எல்லாத் தயக்கமும் ஒன்றல்ல. பாடத்தைப் படிக்காமல் வந்தவன் திணறுவதும், உள்ளே இருப்பது பெரிதாகி வாய் சிறிதாகும்போது திணறுவதும் தாளில் ஒரே கோடாகத்தான் விழுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ் மேடையின் மிகப் பெரிய இடைநிரப்பி ‘அவர்களே’. தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அண்ணன் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய தம்பி அவர்களே என்று பத்து நிமிடம் ஓடும். கடைசியில் ‘தாய்மார்களே’ என்று மொத்தமாக ஒரு கும்பிடு. அதற்குப் பெயர் மரபு, அவையடக்கம். அதை யாரும் எண்ணுவதில்லை. எங்கள் மன்றத்துக்கு ஒரு சிறப்பு விருந்தினர் வந்த நாளில் நான் எண்ணினேன். ‘அவர்களே’ முப்பத்து நான்கு என்று வாசித்தபோது அறை முழுக்கச் சிரிப்பு. விருந்தினரும் சிரித்தார், நல்ல மனிதர். ஆனால் கூட்டம் முடிந்ததும் நிர்வாகி என்னைத் தனியே கூப்பிட்டு, ‘மேடம், அது ஃபில்லர் இல்ல, மரியாதை’ என்றார். எது மரியாதை, எது குறை என்பதை யார் பட்டியலிடுகிறார்கள் என்பதுதானே என் கேள்வி.

தமிழ்ப் பேச்சுக் கலையின் வரலாற்றை எழுதியவர்களும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போகிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் இதில் முக்கியமானவர். மதுரையில் தங்கி, திராவிடக் கட்சிக் கூட்டங்களின் செந்தமிழ் மேடையை ஆராய்ந்து 2009இல் ஒரு நூல் வெளியிட்டார். 2016இல் அவர் இறந்தபின், 2021இல் நண்பர்கள் தொகுத்து வெளிவந்த இரண்டாவது நூல் இன்னும் பின்னால் போகிறது. புராட்டஸ்டன்ட் பிரசங்கம், அதைப் பார்த்து 1847இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கம், பிறகு சுதேசி காலம் என்று அவர் ஒரு கோடு இழுக்கிறார். அதுவரை ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்த அரசியல்வாதிகள், தெருவில் நிற்கும் ஆளைப் பார்த்துத் தமிழில் பேசத் தொடங்கியது சுதேசி இயக்கத்தில்தான் என்பது அவர் வாதம். ஒப்புக்கொள்ளத் தக்க வாதம். எங்கள் ஊருக்கு அதில் பெருமையான இடம் உண்டு. 1908 பிப்ரவரி, மார்ச்சில் தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் நாள்தோறும் பேசினார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்த கொடுந்தண்டனை. பேசியதற்காக வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை.

அந்தப் பேச்சுகள் இன்று நம்மிடம் ஓரளவு இருக்கின்றன என்றால், காரணம் போலீஸ். கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்த காவலர்கள் வழக்குக்காக எழுதிவைத்தார்கள். அரசு யாருக்குப் பயந்ததோ அவர் பேச்சு ஆவணமாயிற்று. அன்றைக்குக் கூடை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்று கேட்டிருக்கக்கூடிய பெண், வீட்டுக்குப் போய்த் தன் தெருவில் என்ன பேசினாள் என்று எழுத எந்த ஏட்டையாவும் அனுப்பப்படவில்லை. பேட் இந்த ஆவணங்களின் வளத்தில் மகிழ்கிறார். அந்த வளத்தின் விளிம்பில் நின்றுவிடுகிறார். இல்லாத ஆவணத்தை எப்படி எழுதுவது என்று கேட்கலாம். ஆனால் பெண்கள் பேசியதை வேண்டுமென்றே அச்சேற்றிய இடமும் தமிழ்நாட்டில் இருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் ‘குடி அரசு’ பெண்களின் மேடை உரைகளை அவர்கள் பெயரோடு வெளியிட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசியது இன்றும் நமக்குத் தெரிவதற்கு அந்த அச்சும் ஒரு காரணம். பேச்சு வரலாற்றின் கோட்டை அந்தப் பக்கமாகவும் இழுக்கலாம்.

கோடு எங்கள் கடற்கரையில் இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. பேட் பார்த்தது புராட்டஸ்டன்ட் பிரசங்கத்தை. முத்துக்குளித்துறைக்கு 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். ஊர்களில் ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லோரையும் கூட்டி, அவர்கள் மொழியிலேயே செபங்களைத் திரும்பச் சொல்லவைத்ததைத் தன் கடிதங்களில் எழுதியிருக்கிறார். திரும்பச் சொல்வது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றுவரை அந்த ஏற்பாடு மாறவில்லை. குருசடிக்கு முன்னால் சாயங்காலம் செபமாலையை முன்னின்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். குரல் தெருமுனை வரை கேட்கும், ஒரு ‘வந்து’ இருக்காது, ஏனென்றால் வாசகம் ஏற்கெனவே எழுதப்பட்டது. பனிமய மாதா திருவிழாவில் சொந்த வாக்கியத்தில் மறையுரை ஆற்றுகிற இடம் மட்டும் ஆண் குருக்களுக்கு. ஆக, எங்கள் பெண்களுக்குக் குரல் இல்லை என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். குரல் தாராளமாக இருக்கிறது. சொந்த வாக்கியத்தைத் தேடித் தடுமாறுகிற உரிமைதான் கிடைக்காமல் இருக்கிறது.

இந்த இடத்தில் சிலர் ஒப்பாரியைக் கொண்டுவருவார்கள். அதுதான் பெண்களின் மேடை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாவு விழுந்தால்தான் பேசலாம் என்ற அனுமதியைக் கலை என்று கொண்டாடி முடித்துக்கொள்வது, கேட்கவேண்டியவர்கள் கேட்காமல் தப்பிக்கிற வழி. பட்டிமன்றத்தைச் சொல்வார்கள். அதில் நன்றாகப் பேசுகிற பெண்கள் உண்டு, ஆனால் தலைப்பு பெரும்பாலும் கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா.

மேடை என்று எதையாவது காட்டவேண்டுமென்றால் நான் குமரெட்டியாபுரத்தைக் காட்டுவேன். 2018 பிப்ரவரியில் அந்தக் கிராமத்து மரத்தடியில் உட்கார்ந்த பெண்கள், மைக் கையில் வந்தபோது தங்கள் தண்ணீரைப் பற்றியும் பிள்ளைகளின் மூச்சுத்திணறலைப் பற்றியும் பேசினார்கள். பயிற்சி பெற்ற பேச்சாளரும் இந்தப் போராட்டத்தில் உண்டு. ஆங்கிலப் பேராசிரியையான பாத்திமா பாபு தொண்ணூறுகளிலிருந்தே இந்த ஆலைக்கு எதிராகப் பேசிவந்தவர். ஆனால் மரத்தடிப் பேச்சு வேறு ரகம். பேசுகிறவள் நிறுத்தினால், பக்கத்தில் இருக்கிறவள் வாக்கியத்தை எடுத்துக்கொள்வாள். அதற்கு மதிப்பீட்டாளர் இல்லை. பின்னால் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 2022இல் அறிக்கை கொடுத்தது. சாட்சிக் கூண்டில் திக்கித் திக்கிச் சொன்னதெல்லாம் தட்டச்சில் நேர்வாக்கியங்களாகிவிடும். ஆனாலும் அந்த அறிக்கைக்கு அடியில் இருப்பது அந்தத் திக்கல்கள்தான்.

மன்றத்தின் செயற்குழுவில் இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். ஒன்று, முதல் பேச்சுக்கு ‘ஆ’ எண்ண வேண்டாம். இரண்டு, ‘சர்ச்சைக்குரிய விஷயம்’ என்று யாருடைய பேச்சையும் மதிப்பீட்டில் சொல்லக் கூடாது. முதலாவதை ஒப்புக்கொண்டார்கள், மூன்று மாதம் சோதனையாக. இரண்டாவதற்கு, உறுப்பினர்களில் சிலர் ஆலையோடு தொழில் வைத்திருந்தவர்கள், சங்கடம் வேண்டாம் என்றார்கள். அந்தச் சங்கடத்தைப் பற்றி ஒரு ஏழு நிமிடப் பேச்சு தயாரித்துக் கொடுத்தேன். தேதி இன்னும் ஒதுக்கவில்லை. இப்போது கூட்டத்துக்குப் போனால் நேரம் பார்க்கிற வேலையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அட்டைகள் என் கையில்தான் இருக்கும் என்று.