அன்னையின் திருத்தங்கள்

ஹதீஸ் கலையில் ‘இஸ்தித்ராக்’ என்றொரு முறை உண்டு. ஒருவர் அறிவித்ததில் விடுபட்டதையோ பிழைபட்டதையோ மற்றொருவர் எடுத்துக்காட்டித் திருத்துவதற்கு அப்பெயர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஸஹாபாப் பெருமக்களின் அறிவிப்புகளில் செய்த திருத்தங்களைத் திரட்டித் தனி நூலாக்கியவர், ஹிஜ்ரி 794இல் (கி.பி. 1392) மறைந்த எகிப்து நாட்டு ஷாபிஈ அறிஞர் இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள். ‘அல்இஜாபா’ எனச் சுருக்கமாக வழங்கும் அந்நூல் 1939இல் டமாஸ்கஸ் நகரில் அச்சேறியது.

திருத்தப்பட்டவர்களின் பெயர் வரிசையில் நூல் அமைந்துள்ளது. உமர், இப்னு அப்பாஸ், இப்னு உமர், அபூஹுரைரா (ரலி) முதலானோர் அதில் இடம்பெறுகின்றனர். அவர்களுடைய வாய்மையை அன்னை ஐயுறவில்லை. செவியும் நினைவும் தவறக்கூடும் என்பதே அவர்கள் கொண்ட அடிப்படை.

திருத்திய வழிகளை நோக்குவோம். குடும்பத்தார் அழுவதால் மய்யித்துக்கு வேதனை உண்டு என்ற அறிவிப்பை, ஒருவர் பாவத்துக்கு மற்றவரைப் பொறுப்பாக்காத திருமறை நெறியைக் கொண்டு மறுத்தார்கள். அச்சொல் மரித்த ஒரு யூதப் பெண்ணைக் குறித்து எழுந்தது எனச் சந்தர்ப்பத்தையும் விளக்கினார்கள். கழுதையும் நாயும் போலப் பெண்ணும் குறுக்கிட்டால் தொழுகை முறியும் எனப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் தாம் கிப்லாவின் பக்கம் குறுக்கே படுத்திருந்ததைச் சான்றாக வைத்தார்கள். குளிப்புக் கடமையான பெண்கள் பின்னலை அவிழ்க்க வேண்டும் என அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) பணித்ததை அறிந்ததும், தலையை மழிக்கச் சொல்லியிருக்கலாமே என வியந்து, தம் குளிப்பு முறையை எடுத்துரைத்தார்கள்.

இறுதியிரண்டிலும் சான்றாய் நிற்பது வீட்டினுள் பெண் ஒருத்தி கண்டறிந்த அனுபவம். அதை வேறெவரும் சொல்லியிருக்க இயலாது. பெரும்பான்மை இமாம்கள் பெண் குறுக்கிடுவதால் தொழுகை முறியாது என்றே கொண்டனர். நீர் மயிரடியை அடைந்தால் பின்னலை அவிழ்க்க வேண்டியதில்லை என நம் ஃபிக்ஹு நூல்களும் கூறுகின்றன.

ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் நடுவுநிலை பிறழாதவர். எதிர்த்தரப்பின் விளக்கங்களையும் மறைக்காமல் வைக்கிறார். எனினும் ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. அன்னைக்கே உரிய நாற்பது சிறப்புகளை முன்னே அடுக்கியதால், திருத்தும் உரிமையும் அச்சிறப்புகளுள் ஒன்றே என மேலோட்டமாகப் படிப்போர் எண்ணிவிட இடமுண்டாகிறது. அது சிறப்புரிமையன்று, ஆய்வுமுறை. கற்றுத் தேர்ந்த எப்பெண்ணும் கையாளத்தக்கது. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா மர்வஸிய்யா (ரஹ்) அவர்களிடம் கத்தீப் பக்தாதி (ரஹ்) போன்ற பேரறிஞரே ஸஹீஹுல் புகாரியைக் கேட்டது இதற்குச் சான்று.

அன்னையின் பெயரை மேடைதோறும் புகழ்கிறோம். ஆனால் நம் ஊர்களில் தலாக், இத்தா, மஹர் பற்றிய வழக்கு ஜமாஅத்துக்கு வரும்போது, பல இடங்களில் உரியவளின் சொல் தகப்பன் வாயிலாகவோ தமையன் வாயிலாகவோதான் உள்ளே செல்கிறது. நேரில் கண்டவரின் சாட்சி இருக்க, கேட்டுச் சொல்பவரைக் கொண்டு முடிவு செய்வதை ஹதீஸ் கலை ஒப்புமா? நிஸ்வான் மத்ரஸாக்கள் பெருகியுள்ள இந்நாளில், இந்நூலை அங்குப் பாடமாக வைக்கலாம். ஆண்கள் மத்ரஸாவில் அதை வைக்க வேண்டிய தேவை இன்னும் அதிகம்.