சந்தேகத்தில் தொடங்கும் அந்தாதி

மருத்துவ ஆய்வுக் கட்டுரையை நயத்துக்காகப் படிப்பவர் அரிது. ஆனால் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மேய்னியும் 1989 முதல் 1998 வரை முடக்குவாதம் பற்றி வெளியிட்டவற்றை வரிசையாக எடுத்துவைத்துப் படித்தால் அந்தாதி படிப்பது போலிருக்கும். ஒன்று எந்தச் சந்தேகத்தை விட்டுவைக்கிறதோ, அங்கேதான் அடுத்தது தொடங்கும்.

இருவரும் அப்போது லண்டன் கென்னடி ஆய்வு நிலையத்துக்காரர்கள். ஃபெல்ட்மன் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர். லூதியானாவில் பிறந்த மேய்னி மூட்டுநோய் மருத்துவர். உடலின் காவல்படையே மூட்டுச்சவ்வைத் தாக்கும் இந்த நோயில், வீங்கிய மூட்டுக்குள் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் பல இருப்பது அப்போதே தெரியும். பலவும் ஒரே வேலையைச் செய்யும்போது ஒன்றை மட்டும் அடைத்து என்ன பயன் என்பதே பலருடைய எண்ணம்.

1989 லான்செட் இதழ்க் கட்டுரை அதற்கு வாதத்தால் பதில் சொல்லவில்லை. நோயாளியின் மூட்டிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். வெளித்தூண்டல் எதுவும் இல்லாமலே அவை இன்டர்லியூகின்-1 என்ற அழற்சிப்பொருளைச் சுரந்தன. டி.என்.எஃப். என்ற இன்னொரு சைட்டோகைனை அடைக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்ததும் அந்தச் சுரப்பு குறைந்தது. அடைத்தது ஒன்றை, அடங்கியது மற்றொன்று! பலவாகத் தெரிந்தவற்றுக்குள் ஒரு மேல்-கீழ் வரிசை இருக்கிறது என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியுமா, தெரியவில்லை.

தட்டு வேறு, உடம்பு வேறு. 1992-இல் எலிகள். நோய் வருமுன்னே டி.என்.எஃப். எதிர்ப்பொருளைக் கொடுத்துத் தடுத்துக் காட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. கால் வீங்கிய பிறகும் கொடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் வீக்கம் குறைந்தது. மருத்துவரிடம் வருபவர் வீங்கிய மூட்டோடுதானே வருகிறார்! மேய்னியின் வெளிநோயாளிப் பிரிவு அனுபவம் இங்கே எட்டிப்பார்க்கிறது என்பது என் ஊகம்.

பெயர் வரிசையிலும் ஒரு நயம் உண்டு. இத்துறையில் வேலையைச் செய்தவர் பெயர் முதலிலும், மூத்தவர் பெயர் கடைசியிலும் வருவது வழக்கம். 1989-இல் முதலில் ஃபியோனுலா பிரென்னன், கடைசியில் மேய்னி, ஃபெல்ட்மன். 1992-இல் முதலில் ரிச்சர்ட் வில்லியம்ஸ், பிறகு ஃபெல்ட்மன், மேய்னி. கடைசி நாற்காலியை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1993-இல் மனிதர்கள், இருபதே பேர். டி.என்.எஃபை அடைக்கும் மருந்தின் பெயர் அப்போது சிஏ2, பின்னாளில் இன்ஃப்ளிக்சிமாப். வீங்கிய மூட்டுகளின் இடைநிலை எண்ணிக்கை ஆறு வாரத்தில் 18-லிருந்து 5-க்கு இறங்கியது. என்றாலும் என்ன மருந்து ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்து நடந்த சோதனை அது. நம்பிக்கையே குணப்படுத்தியிருக்கலாமே?

அதற்கு 1994-இல் லண்டன், எர்லாங்கன், வியன்னா, லைடன் நகரங்களில் 73 நோயாளிகள். யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது. நான்காவது வாரத்தில் தேறியவர்கள்: வெற்று மருந்து பெற்ற 24 பேரில் 2, குறைந்த அளவு பெற்ற 25 பேரில் 11, பத்து மடங்கு பெற்ற 24 பேரில் 19. அந்த இரண்டு பேர்தான் 19-க்கு மதிப்புத் தருகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை. மருந்தின் பலவீனத்தை அதில் அவர்களே தோண்டிப் பார்த்தார்கள். சிஏ2 கால் பங்கு எலி, முக்கால் பங்கு மனிதன் எனச் சொல்லத்தக்க கலப்புப் புரதம். திரும்பத் திரும்ப ஏற்றினால் உடல் அதையே அந்நியனாகக் கண்டு எதிர்ப்பொருள் செய்யும். 101 பேரிடம் பார்த்தபோது, மருந்தைத் தனியாகப் பெற்றவர்களில் இப்படி எதிர்த்தவர்கள் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் 53 விழுக்காடு, 3-இல் 21, 10-இல் 7. கூடக் கொடுத்தால் எதிர்ப்பும் கூடும் என்று நினைப்போம். இங்கே குறையக் கொடுத்தவர்களிடம்தான் எதிர்ப்பு மிகுதி. கூடவே வாரம் 7.5 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட் சேர்த்துக் கொடுத்த பிரிவுகளில் அதே வரிசை 15, 7, 0. மிகக் குறைந்த அளவில் பலன் நீடித்த இடைநிலைக் காலமும் 2.6 வாரத்திலிருந்து 16.5 வாரமானது. மூட்டுநோய் மருத்துவர்கள் ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவந்த பழைய, மலிவான மாத்திரைதான் அது.