எண்ணிக்கையும் மதிப்பும்: சுப்பாராவின் ஆய்வுக் கட்டுரைகள்

ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரையைப் பிற ஆராய்ச்சியாளர் எத்தனை முறை தத்தம் கட்டுரைகளில் எடுத்துக்காட்டினர் என்று கணக்கிட்டு, அவ்வெண்ணிக்கையைக் கொண்டு அவர் தகுதியைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகங்களில் வழக்காகிவிட்டது. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955ஆம் ஆண்டில் முன்மொழிந்து 1960களில் நடைமுறைப்படுத்திய மேற்கோள் அட்டவணையே இவ்வழக்கிற்கு வித்து. தொடர்புடைய கட்டுரைகளைத் தேடியெடுக்கும் துணைக்கருவியாகத் தோன்றிய அது, நாளடைவில் மனிதரை எடைபோடும் தராசாயிற்று. 2005ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹிர்ஷ் வகுத்த குறியீடு, அறிஞர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பையே ஒற்றை எண்ணுக்குள் அடக்க முற்பட்டது. இத்தராசு சரியானதா என்று சோதிக்க, உயிர் வேதியியலறிஞர் எல்லப்பிரகட சுப்பாராவின் கட்டுரைகளைவிடத் தக்க உரைகல் அரிது.

1895ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து 1925ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, உடற்பொருள்களிலுள்ள பாஸ்பரஸின் அளவை நிறத்தின் வழியே அறியும் முறையை விளக்குகின்றது. பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டைச் சேர்த்து உரிய இரசாயனப் பொருளையும் கலந்தால் நீலநிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலமும் மிகும். ‘ஃபிஸ்க் – சுப்பாராவ் முறை’ என வழங்கலாயிற்று இது. மிக அதிகமாக எடுத்துக்காட்டப்பெற்ற அறிவியல் கட்டுரைகளின் வரிசையில் இதற்கு நிலையான இடமுண்டு.

இதனைக் கொண்டு, சுப்பாராவின் தலைசிறந்த பணி இதுவே என முடிவு கூறலாமா? கூறுதல் பொருந்தாது. கருவியைக் கையாளுவோர் அனைவரும் அதைச் செய்தவரின் பெயரைச் சொல்வது ஆய்வுலக மரபு. புரதத்தை அளக்கும் முறையைக் கூறி 1951ஆம் ஆண்டில் வெளிவந்த ஆலிவர் லோரியின் கட்டுரை மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை எடுத்துக்காட்டப்பட்டதும் இக்காரணத்தாலேயே ஆகும். எண்ணிக்கை காட்டுவது பயன்பாட்டின் பரப்பை. சிந்தனையின் ஆழத்தை அன்று.

எனினும், 1925ஆம் ஆண்டுக் கட்டுரையை வெறும் கருவி என ஒதுக்குவதும் பிழையாகும். அம்முறையைத் தசைக்குப் பயன்படுத்தியபோது நீலநிறம் உடனே முழுமையுறாமல் தாமதித்து ஏறியது. பிறர் குறை எனத் தள்ளியிருக்கக்கூடிய அத்தாமதத்தில் இருவரும் ஒரு வினாவைக் கண்டனர். தசையில் கிரியேட்டினோடு பாஸ்பேட் பிணைந்த, எளிதில் சிதையும் பொருளொன்று உண்டு என்பதே அதற்கு 1927ஆம் ஆண்டில் அவர்கள் தந்த விடை. 1929ஆம் ஆண்டில், ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டறிந்தது போலவே, உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி.யையும் அவர்கள் தனித்துக் கண்டறிந்தனர். இன்று பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெறும் அவ்வுண்மைக்கு மூலக்கட்டுரையை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. முழு வெற்றி பெற்ற கருத்து, தன்னைக் கண்டறிந்தவரின் பெயரை உதிர்த்துவிடுகிறது. இக்கட்டுரைகளை வரிசையாகப் படிப்போர்க்கே இத்தொடர்பு விளங்கும். எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர்க்கு விளங்காது.

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாத சுப்பாராவ், 1940ஆம் ஆண்டில் லெடர்லி ஆய்வகத்திற் சேர்ந்து அதன் ஆராய்ச்சிகளுக்குத் தலைமை தாங்கினார். அங்கு 1945ஆம் ஆண்டில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. அதனை அறிவித்த கட்டுரையில் அவர் பெயர் பலரின் பெயர்களுக்கு நடுவே நிற்கிறது. அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினாப்டெரின் என்னும் மருந்தும் அவ்வாய்வகத்திலேயே உருவாயிற்று. அம்மருந்து பெற்ற இரத்தப்புற்றுநோய்க் குழந்தைகள் 16 பேருள் 10 பேர் தற்காலிகமாகவேனும் நலமடைந்ததை சிட்னி ஃபார்பர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமசின் மருந்து 1947ஆம் ஆண்டில் வெளிப்பட்டதும் அவ்வாய்வகத்திலிருந்தே. அந்நோயை உண்டாக்கும் புழுக்களுள் ஒன்று ‘புரூகியா மலாயி’ என மலாயாவின் பெயரையே தாங்கி நிற்பதை எண்ணினால், அம்மருந்தின் அருமை இம்மண்ணிலுள்ளோர்க்கு எளிதிற் புலனாகும்.

சிகிச்சை செய்தவரே சிகிச்சைக் கட்டுரையை எழுதுவது முறையே. அதில் ஃபார்பர் மீது குறைகாண இடமில்லை. ஆயினும், ஆசிரியர் வரிசையை மட்டும் எண்ணும் கணக்கில், ஆராய்ச்சிக்கு வழிவகுத்தவரின் பங்கு சுழியாகிவிடுகிறது.

புகழை நாடாத சுப்பாராவின் இயல்பு போற்றத்தக்கதே எனினும், கண்டது வெளிவராமற்போனால் இழப்பு அறிவுலகிற்கே. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளைப் பின்வந்தோர் மீண்டும் கண்டறிய நேர்ந்தது என, நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் குறிப்பிட்டுள்ளார். ஆகவே, வெளியீடு தேவையற்றது என்பது இங்குப் பெறப்படும் பாடமன்று. வெளியிடுவது ஆய்வாளரின் கடமை. வெளியானதைப் படித்துத் தீர்ப்பளிப்பது மதிப்பிடுவோரின் கடமை. பின்னதற்கு மாற்றாக எண்ணை வைக்கலாகாது.

1948ஆம் ஆண்டில், தம் 53ஆம் அகவையில் சுப்பாராவ் மறைந்தார். கட்டுரைகளை அவற்றின் உள்ளடக்கம் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வலியுறுத்தியது 2012ஆம் ஆண்டில்தான். நூலைப் படியாமல் விற்பனைப் பிரதிகளை எண்ணி இலக்கியத் தீர்ப்புக் கூறுவோரைத் திறனாய்வாளர் என எவரும் ஏற்பதில்லை. அறிவியலுக்கும் அந்நெறியே உரியது.