டிஏஓ எதை மறைக்கிறது?

டேட்டா அக்சஸ் ஆப்ஜெக்ட், நிரலாளர் பேச்சில் டிஏஓ, ஜாவா உலகில் ஊறிப்போன பழக்கம். தீபக் ஆலூர், ஜான் க்ரூபி, டான் மால்க்ஸ் மூவரும் 2001இல் வெளியிட்ட ‘கோர் ஜே2ஈஈ பேட்டர்ன்ஸ்’ நூல் அதைப் பரவலாக்கியது. எஸ்கியூஎல் கட்டளைகளைச் செயலி முழுக்கச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் வைத்துவிட்டால், கீழே இருப்பது ஆரக்கிளா மைஎஸ்கியூஎல்லா என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது கருத்து. இருபது ஆண்டுகளுக்கு மேல் நன்றாகவே உழைத்திருக்கிறது. இப்போது அதே வகுப்புகளை ஸ்னோஃபிளேக், பிக்கொயரி போன்ற கிளவுட் தரவுக் கிடங்குகளின் மேல் அப்படியே பொருத்துகிறார்கள். கீழே இருப்பது என்ன என்பது மேலே தெரிந்தே ஆகவேண்டிய இடம் இது.

வழக்கமான டிஏஓவில் நான்கைந்து மெத்தட்கள் இருக்கும்: ஐடி கொடுத்தால் ஒரு பதிவைத் தேடித்தருவது, ஒன்றைச் சேமிப்பது, திருத்துவது, அழிப்பது. ஒரு நேரத்தில் ஒரு வரிசை என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லுக்கு அது சரி. இன்டெக்ஸைப் பிடித்து மில்லி விநாடிகளில் வரிசையை எடுத்துவிடும். ஸ்னோஃபிளேக்கின் வழக்கமான அட்டவணையோ தரவை நெடுவரிசை வாரியாக, மைக்ரோ பார்ட்டிஷன் எனும் துண்டுகளில் வைக்கிறது. சுருக்குவதற்கு முன் ஒரு துண்டின் அளவு 50 முதல் 500 மெகாபைட். எழுதிய துண்டில் கைவைக்க முடியாது. ஒரு வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணைத் திருத்தினால் அவர் வரிசை இருக்கும் துண்டு முழுவதும் புதிதாக எழுதப்படும். ஒரு தீப்பெட்டியை அனுப்ப லாரி பிடிப்பது போன்ற வேலை. நிரலில் பார்த்தால் ஒரே வரி. லாரி கண்ணில் படாது.

மறைவது வேகம் மட்டுமல்ல, பணமும்தான். ஸ்னோஃபிளேக்கில் கொயரிகளை ஓட்டும் கணினித் தொகுப்புக்கு வேர்ஹவுஸ் என்று பெயர். தூங்கும் வேர்ஹவுஸ் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் குறைந்தது 60 விநாடிக்குக் கட்டணம் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பதிவைக் கேட்கும் செயலியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 288 அழைப்பு. உடனுக்குடன் தூங்கவைத்தாலும் குறைந்தது 288 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஐந்து மணி நேரக் கட்டணம். தானாகத் தூங்கும் நேரத்தைக் குறிப்பிடாமல் கட்டளை வழியே வேர்ஹவுஸை உருவாக்கியிருந்தால் அது 600 விநாடி விழித்திருக்கும். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். 24 மணி நேரமும் மீட்டர் ஓடும். பில் நிரலாளரின் மேசைக்கு வருவதில்லை என்பதால் இது மாதக்கணக்கில் தொடரலாம்.

பிக்கொயரியின் தேவைக்கேற்ற கட்டணமுறையில் கணக்கு வேறு: படித்த பைட்டுக்குக் காசு. அட்டவணையின் எல்லா நெடுவரிசைகளையும் ஆப்ஜெக்டில் நிரப்புவது டிஏஓவின் பழக்கம். மூன்று தேவைப்படும் இடத்தில் எண்பதையும் படித்தால் எண்பதுக்கும் பணம். கிளஸ்டர் செய்யாத அட்டவணையில் லிமிட் 10 என்று போட்டாலும் இது குறையாது.

இதைவிட எனக்கு அச்சம் தருவது ப்ரைமரி கீ. ஸ்னோஃபிளேக்கின் வழக்கமான அட்டவணைகளிலும் அதே வகைக் கிடங்கான ரெட்ஷிஃப்டிலும் அதை அறிவிக்கலாம். ஆனால் மீறினால் தடுப்பார் இல்லை. நெட்வொர்க் தடங்கலில் சேமிப்பு அழைப்பு இருமுறை போனால் ஆரக்கிள் பிழை எறியும், டிஏஓ அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கிடங்குகளில் இரண்டு வரிசைகளும் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். பிழையைப் பிடிக்க எழுதிய நிரல் ஒருநாளும் ஓடாது. மாத இறுதியில் விற்பனைத் தொகை உப்பியிருக்கும்.

அப்படியானால் டிஏஓவைத் தூக்கி எறியலாமா? கூடாது. செயலிக்கும் தரவுக்கும் இடையே அந்தச் சுவர் தேவை. தேதியோடு நாள் கூட்டுவதற்குக்கூட ஸ்னோஃபிளேக்கும் பிக்கொயரியும் வெவ்வேறு இலக்கணம் பேசுகின்றன. அந்த வேறுபாடு ஒரே இடத்தில் அடங்கியிருப்பது பெரிய ஆறுதல். கட்டுப்பாடு வைக்கவும் அதைவிட நல்ல இடமில்லை. ஸ்னோஃபிளேக்கில் ஒரு கொயரிக்கான இயல்புநிலைக் கால வரம்பு 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள்! அதை முப்பது விநாடியாகக் குறைப்பது, எந்தத் திரை எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்க்கக் கொயரியில் டேக் ஒட்டுவது, பிக்கொயரியில் பைட் உச்சவரம்பு வைப்பது எல்லாம் இங்கேயே செய்ய முடியும். போலி டிஏஓ வைத்து மேல்தளத்தைச் சோதிக்கவும் முடிகிறது. ஆனால் எச்2 போன்ற சிறு தரவுத்தளத்தில் கொயரியையே ஓட்டிவிட்டு நிம்மதியடைவது வீண்; ப்ரைமரி கீயை எச்2 மீற விடாது, கிடங்கு விட்டுவிடும்.

மாற வேண்டியது மெத்தட்களின் வடிவம். அட்டவணைக்கு ஒரு டிஏஓ என்பதை விட்டு, கேட்கப்படும் கேள்விக்கு ஒரு மெத்தட் என்று எழுதலாம்: மாவட்டவாரி மாத விற்பனை, திரும்பி வந்த சரக்கின் விகிதம். எழுதும் மெத்தட் தொகுதியை மட்டுமே ஏற்கட்டும்; உள்ளே கோப்பாக்கி, ஸ்டேஜ் எனும் கோப்பு வைக்குமிடத்தில் வைத்து, காப்பி கட்டளையால் ஏற்றட்டும். ஒற்றைப் பதிவு தேடும் திரைகளுக்குப் போஸ்ட்கிரஸ் போதும். வரிசைவாரிச் சேமிப்பும் கட்டாய ப்ரைமரி கீயும் கொண்ட ஹைப்ரிட் அட்டவணைகளை ஸ்னோஃபிளேக்கே 2022இல் அறிவித்தது. பழைய அட்டவணைகள் இந்த வேலைக்கு ஆகாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டியதில்லை.

உங்கள் நிரலில் கிடங்கின் வழக்கமான அட்டவணைக்கு ஒற்றை வரிசையைச் சேமிக்கும் மெத்தட் இருந்தால், அடுத்த வெளியீட்டுக்கு முன் அதை நீக்குங்கள்.